ஓர் அங்குல வெளிச்சம்

நியூயார்க்கில் உயரமான அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குள் போய், லிப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டுக் கதவைத் திறந்தால், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெளிறிய மஞ்சள் பச்சையில் ஒரு பட்டை ஓடுவதைப் பார்க்கலாம். அகலம் ஓர் அங்குலத்துக்குக் குறையாது, இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. கைப்பிடிக் கம்பியின் மேலும் அதே பட்டை. தரையின் ஓரம், கதவு நிலை, கதவுப் பிடியின் பின்புறம் என்று எங்கும் அதுதான். விளக்கு எரியும்போது அதற்கு ஓர் அழகும் கிடையாது. தினமும் ஏறி இறங்குகிறவர்கள்கூட அதைக் கண்டுகொள்வதில்லை. விளக்கெல்லாம் அணைந்தால்தான் அதன் வேலை தொடங்குகிறது: படி எங்கே முடிகிறது, கதவு எங்கே இருக்கிறது என்பதை மின்சாரம் இல்லாமல், பேட்டரி இல்லாமல் பச்சையாகக் கோடிட்டுக் காட்டும்.

இந்தப் பட்டையின் கதை 1603 வாக்கில் இத்தாலியின் பொலோனா நகரத்தில் தொடங்குகிறது. வின்சென்ஸோ காஷ்யரோலோ என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, ஓய்வு நேரத்தில் ரசவாதத்திலும் ஈடுபட்டவர். ஊருக்குப் பக்கத்தில் பதேர்னோ மலையில் கனமான, மினுமினுப்பான கற்களைப் பொறுக்கி வந்து கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் வரவில்லை. ஆனால் வெயிலில் வைத்து எடுத்துப்போன கல் இருட்டறையில் தணல் நிறத்தில் ஒளிர்ந்தது. அந்தக் கல் பேரைட் தாது; கரியோடு சுட்டதில் பேரியம் சல்பைடாக மாறியிருந்தது. கலிலியோ காலத்து அறிஞர்கள் அதைப் பற்றி வாதிட்டார்கள், ஃபோர்ட்டூனியோ லிச்செட்டி 1640இல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கல்லை ஒளிரவைத்தது அதில் கலந்திருந்த துளி செம்பு என்பதை ஆய்வாளர்கள் உறுதிசெய்ய 2012 வரை ஆயிற்று.

பிறகு இந்தப் பொருள் பல உருவங்கள் எடுத்தது. 1768இல் ஜான் கேன்டன் சிப்பி ஓட்டையும் கந்தகத்தையும் சேர்த்துச் சுட்டு ஒளிரும் தூள் செய்தார். 1866இல் பிரான்சில் தியோடோர் சிடோ துத்தநாக சல்பைடு படிகங்களை உருவாக்கினார். செம்பு கலந்த துத்தநாக சல்பைடுதான் அடுத்த நூறாண்டுக்கும் மேலாக இருளில் ஒளிரும் பொருள்களின் மூலப்பொருள். பொம்மையிலும் விளக்கு ஸ்விட்சிலும் நாம் பார்த்த பழைய பச்சை அதுதான். அதன் குறை, சீக்கிரம் மங்கிவிடும் என்பது. விளக்கணைந்த முதல் சில நிமிடங்களில் பளிச்சென்று இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கண்ணைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டிவரும்.

மங்காத வெளிச்சம் வேண்டுமென்று மனிதர்கள் குறுக்குவழி ஒன்றைப் பிடித்தார்கள். துத்தநாக சல்பைடோடு ரேடியத்தைக் கலந்தால், ரேடியத்தின் கதிர்வீச்சே அதை இரவும் பகலும் ஒளிரவைக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஆரஞ்சு என்ற ஊரில், இளம்பெண்கள் கடிகார முகங்களில் அந்தப் பூச்சைத் தீட்டினார்கள். தூரிகை நுனி கூர்மையாக இருக்க வேண்டுமென்று அதை உதட்டில் வைத்து நேராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அரித்து, இரத்தம் கெட்டு அவர்களில் பலர் இறந்தார்கள். வழக்குப் போட்டவர்களுக்கு 1928இல்தான் இழப்பீடு ஒப்பந்தமாயிற்று. நியூயார்க் நகரம் பிற்காலத்தில் படிக்கட்டுப் பட்டைக்கு விதி எழுதியபோது, பொருளில் கதிரியக்கம் இல்லை என்று சோதித்துக் காட்ட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தது. சோதனைத் தாளில் அது ஒற்றை வரி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் நினைவுதான் வருகிறது.

1993ஆம் ஆண்டு இந்தப் பொருளின் வாழ்க்கையில் பெரிய திருப்பம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று காரியங்கள் அந்த ஓராண்டில் நடந்தன.

பிப்ரவரி 26 அன்று நண்பகல், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் வேனில் வைத்த குண்டு வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். மின்சாரம் போயிற்று, அவசர ஜெனரேட்டர்களும் சிறிது நேரத்தில் நின்றன. புகை படிக்கட்டுக் கூண்டுகளுக்குள் ஏறியது. 110 மாடிக் கோபுரங்கள், ஜன்னல் இல்லாத படிக்கட்டுகள், கும்மிருட்டு. ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் போகிறவரின் தோளைத் தொட்டுக்கொண்டு, காலால் படியைத் துழாவி இறங்கினார்கள். எல்லோரும் வெளியே வந்து சேர நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அதன்பின் கட்டடத்தை நடத்திய துறைமுக ஆணையம் படிக்கட்டுகளில் பேட்டரி விளக்குகளைப் பொருத்தியது. கூடவே படி விளிம்புகளிலும் கைப்பிடிகளிலும் இருளில் ஒளிரும் பூச்சு பூசியது. அப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் அப்போது கிடையாது.

அதே ஆண்டில் ஜப்பானில் நெமோட்டோ என்ற நிறுவனம், ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் துளி யூரோப்பியமும் துளி டிஸ்புரோசியமும் சேர்த்துப் பார்த்தது. கடிகார முகங்களுக்கு ஒளிரும் பூச்சு செய்வது அதன் பழைய தொழில். கதிரியக்கப் பொருளைக் கைவிட்டாலும் விடியும்வரை ஒளிரும் பூச்சு வேண்டும் என்பது அதன் தேடல். யசுமிட்சு அவோக்கியும் அவருடைய கூட்டாளிகளும் கண்டது, துத்தநாக சல்பைடைவிடப் பத்து மடங்கு பிரகாசமும் அதைவிடப் பல மடங்கு நீடிப்பும் கொண்ட ஒரு தூள். 1996இல் ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். இன்று உலகின் ஒளிரும் வழிகாட்டிப் பட்டைகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

மூன்றாவது காரியம் அந்த நவம்பரில் நடந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, பயணிகள் கப்பல்களில் தரையை ஒட்டி வழிகாட்டும் ஒளி எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதன் பின்னணியில் 1990 ஏப்ரலில் ஸ்கேண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் பிடித்த தீ இருக்கிறது. ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் போன அந்தக் கப்பலில் 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பல்ல, புகை. குறுகலான நடைவழிகள் புகையால் நிரம்பியபோது கூரையை ஒட்டி எரிந்த விளக்கும் பலகையும் யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே புதிய வரையறை ஒளியைக் கீழே இறக்கியது: தளத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள்.

வானத்தில் இந்தப் பாடம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1983 ஜூனில் ஏர் கனடா விமானம் ஒன்று உள்ளே தீயோடு சின்சினாட்டியில் தரையிறங்கியது. 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து நகர்ந்தவர்கள் தப்பினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க விமானத் துறை, தரையை ஒட்டி வழிகாட்டும் ஒளி எல்லாப் பெரிய விமானங்களிலும் வேண்டும் என்று விதித்தது. முதலில் அது சின்னச் சின்ன மின்விளக்குகளாக இருந்தது. பிறகு மின்கம்பி வேண்டாத ஒளிரும் பட்டை அந்த இடத்துக்கு வந்தது. இன்று விமானத்தில் இருக்கை வரிசையின் ஓரமாகத் தரையில் ஓடும் வெளிறிய கோட்டைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் நிலத்தில், மனிதர்கள் பகலெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கும் கட்டடங்களில், இதை யாரும் கட்டாயமாக்கவில்லை. அதற்கு 2001 செப்டம்பர் 11 வர வேண்டியிருந்தது.

அன்று காலை 8.46க்கு உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதியபோது இரு கோபுரங்களிலும் ஏறக்குறைய 17,400 பேர் இருந்தார்கள் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் பின்னர் கணக்கிட்டது. மோதிய தளங்களுக்குக் கீழே இருந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேலானவர்கள் உயிரோடு இறங்கி வந்தார்கள். 1993 குண்டுவெடிப்புக்குப் பின் பூசிய ஒளிரும் கோடுகள் படியைக் காட்டியதாகத் தப்பியவர்கள் பலர் சொன்னார்கள். இந்த 99 சதவீதத்துக்குப் பட்டையே காரணம் என்று சொல்வது பொய்யாகிவிடும். பேட்டரி விளக்குகள் இருந்தன, 1993க்குப் பின் பயிற்சிகள் நடந்திருந்தன, கட்டடத்தில் அன்று ஆட்களும் குறைவு. மோதிய இடத்துக்கு மேலே வடக்குக் கோபுரத்தில் மூன்று படிக்கட்டுகளும் அறுபட்டுவிட்டன. அங்கிருந்து ஒருவர்கூட இறங்கவில்லை. வழி இருந்தால்தான் பட்டை அதைக் காட்ட முடியும். ஆனாலும் வழி இருந்த இடத்தில் இருட்டில் தடுக்கி விழுந்து பின்னால் வருகிறவர்களை நிறுத்தாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தக் காலை காட்டியது.

நியூயார்க் நகரக் கட்டடத் துறை ஒரு குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைகளிலிருந்து 2004 ஜூனில் 26ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் பிறந்தது. 75 அடிக்கு மேல் உயர்ந்த எல்லா அலுவலகக் கட்டடங்களிலும், வெளியேறும் வழியில் ஒளிரும் குறியீடுகள் 2006 ஜூலை 1க்குள் இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். பழைய கட்டடத்தைத் தொடும் விதிகளை நகரங்கள் எளிதில் எழுதுவதில்லை. உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள், செலவைக் காட்டுவார்கள். இதே சட்டம் பழைய அலுவலகக் கோபுரங்களில் தீயணைப்புத் தெளிப்பான்கள் பொருத்த 2019 வரை அவகாசம் கொடுத்தது. பட்டைக்குக் கொடுத்தது இரண்டே ஆண்டு. சுவரை உடைக்க வேண்டாம், குழாய் இழுக்க வேண்டாம், கம்பி இணைக்க வேண்டாம் என்பதால்தான் அது முடிந்தது. இதை அந்தச் சட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான பகுதி என்றே நான் கருதுகிறேன்.

2009இல் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு இதை எடுத்துக்கொண்டது. பெயரில் சர்வதேசம் இருந்தாலும் அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் பின்பற்றும் நூல் அது. தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து 75 அடிக்கு மேல் ஆட்கள் புழங்கும் தளம் இருந்தால், அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, ஹோட்டல், கடை எதுவானாலும் அதன் வெளியேறும் படிக்கட்டில் பட்டை வேண்டும்.

விதி எழுதியவர்கள் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்பதை அளவுகளில் பார்க்கலாம். படியின் பட்டை இடைவெளி இல்லாமல் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். விளிம்பிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே தள்ளக்கூடாது. உள்ளே தள்ளினால் இறங்குகிறவரின் கால், பட்டைக்கு அப்பால் படி இல்லை என்று நம்பிவிடும். ஆறரை அடி உயரத்துக்குள் நான்கு அங்குலத்துக்கு மேல் துருத்தும் குழாயோ பெட்டியோ இருந்தால், அதில் ஒளிரும் பட்டையும் கறுப்பும் மாறிமாறி 45 டிகிரி சாய்வில் வர வேண்டும். கதவுப் பிடியைச் சுற்றி 16 சதுர அங்குலத்துக்குக் குறையாத ஒளிரும் பரப்பு வேண்டும், கை துழாவாமல் நேராகப் போகட்டும் என்று. கதவின் அடிப்பகுதியில், 18 அங்குலத்துக்கு மேல் போகாமல், ஓடும் மனிதனின் படம். புகையில் தவழ்ந்து வருகிறவருடைய கண்ணின் உயரம் அது.

அந்த ஓடும் மனிதனும் நெருப்பில் பிறந்தவன்தான். 1972இல் ஒசாகாவின் சென்னிச்சி பல்பொருள் அங்காடித் தீயில் 118 பேரும், அடுத்த ஆண்டு குமமோட்டோவில் இன்னோர் அங்காடித் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் இறந்தபின், எழுத்துப் படிக்கத் தேவையில்லாத அடையாளம் வேண்டுமென்று ஜப்பான் தேடியது. யுகியோ ஓட்டாவின் வடிவம் அங்கிருந்து உலகத் தரமாயிற்று.

ஒளியின் அளவுக்கு வருவோம். விதி கேட்பது, விளக்கணைந்து 10 நிமிடம் கழித்து ஒரு சதுர மீட்டருக்கு 30 மில்லிகேண்டெலா. 90 நிமிடம் கழித்து 5 மில்லிகேண்டெலா. ஐந்து மில்லிகேண்டெலா என்பது ஒரு கேண்டெலாவில் இருநூற்றில் ஒரு பங்கு. நம் கைப்பேசித் திரை பல நூறு கேண்டெலா. இவ்வளவு சொற்பமான ஒளி எப்படி உதவும்? விளக்கணைந்ததும் பட்டை மங்கத் தொடங்குகிறது. அதே நேரத்தில் நம் கண் இருளுக்குப் பழகி, நிமிடத்துக்கு நிமிடம் கூர்மையாகிறது. இருளில் நம் கண்ணுக்கு மிகவும் பிடித்த நிறம் நீலம் கலந்த பச்சை. இந்தத் தூள் ஒளிரும் 520 நானோமீட்டர் பச்சை அதற்கு மிக அருகில் இருக்கிறது. ஒன்று தேய, ஒன்று வளர, பட்டை மங்கியதே தெரியாமல் மனிதர் இறங்கிக்கொண்டிருப்பார். கனடா தேசிய ஆய்வு மன்றத்தின் கிலேன் ப்ரூ, உண்மையான அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களை இறங்கவைத்துச் சோதித்தார். பட்டை மட்டும் இருந்த படிக்கட்டில் இறங்கியவர்களின் வேகம் அவசர விளக்கு இருந்த படிக்கட்டின் வேகத்துக்கு ஏறக்குறைய ஒப்பாகவே இருந்தது.

தூள் பிறக்கும் இடம் உலை. ஸ்ட்ரான்ஷியம், அலுமினியம் சேர்மங்களோடு யூரோப்பியத்தையும் டிஸ்புரோசியத்தையும் கலந்து, ஆக்சிஜன் புகாத உலையில் ஆயிரம் டிகிரியைத் தாண்டிச் சுடுகிறார்கள். யூரோப்பியம் ஒளியை வாங்கி எலெக்ட்ரானை மேலே தூக்குகிறது. அது படிகத்துக்குள் பொறிகளில் சிக்கிக்கொள்கிறது. டிஸ்புரோசியம் அந்தப் பொறிகளை ஆழமாக்குகிறது. அறையின் சாதாரண வெப்பமே எலெக்ட்ரான்களைச் சிறிது சிறிதாக விடுவிக்க, ஒவ்வொன்றும் திரும்பும்போது பச்சை ஒளி வெளிவருகிறது. சீனா இந்த அருமண் உலோகங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, 2011இல் யூரோப்பியம், டிஸ்புரோசியம் விலைகள் பல மடங்கு ஏறின. மன்ஹாட்டன் படிக்கட்டுக்கும் தென்சீனக் களிமண் சுரங்கத்துக்கும் உள்ள உறவு அப்போதுதான் கொள்முதல் செய்தவர்களுக்கு உறைத்தது. தண்ணீர் பட்டால் இந்தத் தூள் சிதையும். அதனால் மேற்பூச்சு கொடுத்து, பிசினில் குழைத்து, அலுமினியத் தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ படிய வைக்கிறார்கள். பிறகு ஆய்வகம், சான்றிதழ், பெட்டி, கட்டடம்.

கட்டடத்துக்கு வந்தபின்தான் இந்தப் பொருளின் மிகப் பெரிய பலவீனம் வெளிப்படுகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பட்டை தானாக ஒளி தயாரிப்பதில்லை. முன்கூட்டி வாங்கிய ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே விதியின் உண்மையான கனம் பட்டையைப் பற்றிய வரிகளில் இல்லை, அதற்கு மேலே எரியும் விளக்கைப் பற்றிய வரிகளில் இருக்கிறது. கட்டடத்துக்குள் ஆட்கள் வருவதற்கு முன்பே குறைந்தது 60 நிமிடம், 11 லக்ஸுக்குக் குறையாத வெளிச்சம் படிக்கட்டில் விழுந்திருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. நியூயார்க்கின் சோதனை இன்னும் தாராளம்: அதன் இரு மடங்கு ஒளி, இரண்டு மணி நேரம். கதவுக்கு மேல் தொங்கும் ஒளிரும் 'வெளியேறு' பலகைக்கு இன்னும் கூடுதலாக, முகத்தில் 54 லக்ஸ், ஆட்கள் இருக்கும் நேரமெல்லாம் வேண்டும்.

இந்த விதிகளை எழுதியபோது படிக்கட்டுகளில் எரிந்தவை குழல்விளக்குகள். அவற்றின் ஒளியில் தூளுக்குப் பிடித்த ஊதாவும் நீலமும் போதுமான அளவு இருந்தன, அவை இரவும் பகலும் எரிந்தன. அதன்பின் எல்இடி வந்தது. லக்ஸ் மீட்டரில் அதே எண் காட்டினாலும், மஞ்சள் சாயல் கொண்ட எல்இடியில் அந்த நீலம் குறைவு; அதற்கேற்பப் பட்டை வாங்கும் ஒளியும் குறைவு. இன்னொரு பக்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விதிகள், ஆள் இல்லாதபோது படிக்கட்டு விளக்கைத் தாழ்த்தச் சொல்கின்றன. ஆளைக் கண்டதும் முழுதாக எரியும் உணர்கருவிகள் பொருத்தப்படுகின்றன. ஆள் நடமாட்டமே இல்லாத படிக்கட்டு பெரும்பகுதி நேரம் மங்கலாகவே இருக்கும். அங்கே ஒட்டியிருக்கும் பட்டை அரைவயிற்றோடு காத்திருக்கும்.

மின்சாரச் சிக்கனம் நல்ல நோக்கம், உயிர்ப் பாதுகாப்பும் நல்ல நோக்கம். ஆனால் ஒன்றை எழுதியவர் மற்றதை எழுதியவரிடம் கேட்காவிட்டால், ஆய்வாளரின் பட்டியலில் இரண்டுக்கும் சரி என்று குறி விழுந்திருக்கும், படிக்கட்டு மட்டும் இருட்டாக இருக்கும். எந்த விளக்கின் கீழ், எத்தனை லக்ஸில், எவ்வளவு நேரம் ஒளியேற்றிச் சோதித்தது என்பது சான்று பெற்ற பொருளின் தாளிலேயே இருக்கும். விளக்கை மாற்றுகிறவர் அந்தத் தாளைத் தேடிப் படிப்பதுதான் முழு விதிப்படி நடத்தல். பட்டையை ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது பாதி விதிப்படி நடத்தல், அதற்கு நெருப்பு சலுகை தராது.

நீங்கள் வேலை பார்க்கும் கட்டடத்திலோ குடியிருக்கும் அடுக்ககத்திலோ இப்படிப் பட்டையும் பலகையும் இருந்தால், கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் சொல்லி ஒரு மாலை படிக்கட்டு விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். ஆட்கள் நடமாடாத நேரமாகப் பார்த்து, கையில் டார்ச்சோடு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். படியின் விளிம்பு தெரிகிறதா, கைப்பிடி தெரிகிறதா, கதவு தெரிகிறதா என்று பாருங்கள். சுவருக்குச் சாயம் பூச வந்தவர் பட்டையின் மேலும் பூசியிருக்கலாம். துடைக்காமல் விட்ட அழுக்கு மூடியிருக்கலாம். விளக்கை மாற்றியதில் ஒளியேற்றம் குறைந்திருக்கலாம். தெரியவில்லை என்றால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், சரிசெய்யும்வரை விடாதீர்கள்.